லவெர்டூர் என்ற பேர்

லவெர்டூர் குடும்பத்தின் ஒன்றுகூடலுக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. கனடாவின் திருவா ரிவியேர் ஊர்த் தேவாலயக் கூடத்தில், மூதாதை கிளோத் லவெர்டூரின் ஓவியத்தைப் பெரியப்பா ரெஜான் துடைத்துக்கொண்டிருந்தார். குடும்பக் கதையைக் கேட்டு யாரோ பின்னாளில் வரைந்தது: இடுப்பில் வாள், முகத்தில் முறுக்கு மீசை.

"பிரான்சுல இருந்து கப்பலேறி வந்தவரு. காட்டை வெட்டி வயலாக்குனவரு. பட்டாளத்துல 'பசுமை'ன்னு பட்டப்பேரு வச்சாங்க. அந்த 'லவெர்டூர்'தான் நம்ம குடும்பப் பேராச்சு. நிலப் பத்திரத்துல எழுதத் தெரியாத அக்கம்பக்கத்தான் எல்லாம் சிலுவை கிறுக்குனப்போ, கிளோத் மட்டும் கையெழுத்து போட்டாரு! நாளைக்கு நானூறு பேரு முன்னாடி இதைத்தான் பேசப்போறேன்."

"பட்டாளம்னு எங்கயும் எழுதலையே, பெரியப்பா," என்று தம்பி மகள் ஒடில் ஒரு தாளை நீட்டினாள். கிளோத்தின் மூத்த பிள்ளையுடைய ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் அது.

"வாயே தொறக்காத பொண்ணு, இன்னைக்கு வக்கீலாட்டம் பேசுறியே!"

கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தாளைக் கிழித்துவிடுவாரோ என்று ஒடிலுக்குப் பயமாக இருந்தது.

ரெஜான் எழுந்து, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த தம்பிகளைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்கடா! கிளோத்தோட மூத்த புள்ளைக்கு இந்தத் தாள்ல அப்பன் பேரு மொரோ. ஆனா அந்த வீட்டு எட்டுப் புள்ளைங்களும் மொரோவை விட்டுட்டு லவெர்டூர்னுதான் பேரு வச்சுக்கிச்சுங்க. ஏன் தெரியுமா?"

அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"கிளோத்துங்கிறது ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் பொதுப்பேரு. இதுல அம்மாங்கிற எடத்துலதான் அந்தப் பேரு இருக்கு. காடு வெட்டுனது, கையெழுத்து போட்டது, நமக்கெல்லாம் பேரு குடுத்தது, எல்லாமே அந்தப் புள்ளைங்களோட அம்மாடா!"