நாலாவதா பேய் கேட்டது

“அடிப்பாவி! பச்சப்புள்ளைய எங்கடி இழுத்துட்டுப் போற?”

நான் கத்தினது எங்க நெல்லித்தோப்பு ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கமலா திரும்பிக்கூடப் பார்க்கலை. மூத்தாள் மகள் சந்திரகலாவோட கையைப் பிடிச்சு விறுவிறுன்னு நடந்தா. பின்னால அவ புருஷன் கலியபெருமாள், கையில எலுமிச்சம்பழப் பை. அவனுக்கும் பின்னால அவன் அக்கா குஞ்சம்மாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை உச்சி வேளை. கலியபெருமாளுக்கு மில்லு லீவு. பேய் ஓட்டற பாவாடைங்கறவர் வீட்டுக்குத்தான் போறாங்க.

விஷயம் இதுதான். கமலாவுக்குப் பொறந்த குழந்தை நாப்பதாம் நாள் ஜன்னியில போயிடுச்சு. செத்துப்போன மூத்தாள்தான் சந்திரகலா மேல ஏறி வந்து கொன்னுட்டான்னு குஞ்சம்மாள் கிளப்பிவிட்டா. புள்ள தூக்கத்துல “அம்மா”ன்னு முனகுச்சாம், அதுதான் சாட்சி! எட்டு வயசுப் புள்ளைங்க அது. குஞ்சம்மாள் அதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தினா. ராத்திரிச் சோத்தை நிறுத்தினா. விறகுக் கொட்டாயில படுக்க வச்சா. போன வாரம் கரண்டியைக் காய்ச்சிக் கால்ல சூடும் வச்சுட்டா. பெத்த அப்பன் பார்த்துட்டு நின்னான். கமலாவும் வாயே திறக்கலை. மாற்றாந்தாய்தானே!

பக்கத்து வீட்டுக்காரியா இருந்துட்டு எனக்குப் பொறுக்கலை. பின்னாலயே போனேன். புள்ள மேல ஒரு அடி விழுந்தாலும் வேப்பங்கொத்தைப் பிடுங்கிப் பாவாடையையே விளாசிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பாவாடை மத்த நாள்ல தேங்காய்த்திட்டுத் துறையில மீன் ஏலம் விடறவர். அந்தத் தொண்டையிலேயே ஆரம்பிச்சார்.

“யாரு நீ? பேரைச் சொல்லு!”

வேப்பங்கொத்து சளீர் சளீர்னு விழுந்துது. புள்ள முடியை விரிச்சுப்போட்டு ஆடினா.

“தையல்நாயகி!”

மூத்தாள் பேரு. கலியபெருமாளுக்குக் கை தானா கூப்பிக்கிச்சு.

ஓரமா உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். அப்பத்தான் கவனிச்சேன், அடி அத்தனையும் தரையில விழுது. மறுபடி உட்கார்ந்துட்டேன்.

“என்ன வேணும்? கேட்டு வாங்கிட்டு ஓடிடு!”

பேய் கேட்டதைக் குடுக்கறேன்னு வீட்டு ஆம்பளை கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும், அதுதான் முறை. கோழி கேக்கும், சாராயம் கேக்கும், சுருட்டுகூடக் கேக்கும்.

இது வேற மாதிரி கேட்டுச்சு.

“எம் பொண்ணுக்கு இனிமே யாராவது சூடு வச்சா, அவங்க மேல வந்து உக்காருவேன்!”

குஞ்சம்மாள் சுவரோட ஒட்டிக்கிட்டா.

“சரி, அப்புறம்?”

“ராத்திரி வயிறு நிறைய சோறு போடணும்!”

“அப்புறம்?”

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்!”

கமலா கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைச்சுக்கிட்டிருந்தா. சாமி கும்பிடறாளாம், மகராசி!

“அவ்வளவுதானா? கிளம்பறியா?” பாவாடை கொத்தைக் கீழே வைக்கப் போனார்.

புள்ள ஆட்டத்தை நிறுத்திட்டா. அப்புறம் சின்னக் குரல்ல, “ராத்திரியில சின்னம்மாவைக் கட்டிக்கிட்டுத் தூங்கணும்”னா.

கமலாவோட உதடு நின்னுபோச்சு. முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டா.

கலியபெருமாள் கற்பூரத்தை அணைச்சு நாலுக்கும் சத்தியம் பண்ணினான்.

திரும்பற வழியில அக்காவும் தம்பியும் முன்னால போக, நான் கமலாவை மடக்கினேன்.

“ஏண்டி, நீ பெத்த புள்ளையா இருந்தா இப்படி இழுத்துட்டு வருவியா?”

“கத்தாதீங்கக்கா.” முன்னால போறவங்களை ஒரு பார்வை பார்த்துக்கிட்டா. “பாவாடை அண்ணன் கால்ல விழுந்து நான்தான் ஏற்பாடு பண்ணினேன். அந்த வீட்டுல நான் சொன்னா யாரு கேக்கறாங்க? பேய் சொன்னா கேப்பாங்க. மூணு நாளா விறகுக் கொட்டாயில உக்காந்து புள்ளைக்கு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தேன்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. “என்னை மன்னிச்சுக்கடியம்மா”ன்னேன். “நாலையும் எவ்வளவு அழகா ஒப்பிச்சா!”

சந்திரகலா அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு நின்னா. கமலா அந்த விரிஞ்ச முடியைக் கோதி முடிஞ்சுக்கிட்டே சொன்னா.

“நான் சொல்லிக் குடுத்தது மூணுதாங்க்கா.”