முந்தாநாள் அடித்த மருந்து

வேனில் இன்னும் பத்து மூட்டைக்குத்தான் இடமிருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னபோது நான் எட்டாவது மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது எட்டு. வரப்புக்கு அந்தப் பக்கம் அக்காவுடையதும் எட்டு.

சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். செம்பைத் தூக்கி அண்ணாந்து நிதானமாகக் குடித்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் எங்கள் வேலை.

ஊறுகாய் வெள்ளரி போட்டவர்களுக்குத்தான் இந்த அவசரம் தெரியும். மற்ற காய் அழுகிக் கெடும். இது வளர்ந்தே கெடும். சுண்டுவிரல் அளவில் பறித்தால்தான் கம்பெனிக்காரன் பாட்டிலில் போடுவான். ஒரு ராத்திரி செடியில் விட்டால் மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பறித்து வைத்தாலும் மறுநாள் மஞ்சளடித்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாரும் வற்றிப்போய்க் கிடக்க, இந்தச் சனியன் மட்டும் ஒரே ராத்திரியில் கொழுக்கிறது.

இந்தக் காயை வாங்க இந்த ஏஜென்டை விட்டால் வேறு ஆள் கிடையாது. போன இரண்டு பறிப்புக்கும் இடமில்லை என்று எங்களை விட்டுவிட்டுப் போனார். அத்தனையையும் குழி வெட்டிக் கொட்டினோம்.

இன்றும் போகாவிட்டால் செங்கல் சூளைதான். என் வீட்டுக்காரர் அதை வாயால் சொல்லவில்லை. காலையில் அடுப்படியில் பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் சாக்கில் கட்டியிருந்தார். பார்த்துத் தெரிந்துகொண்டேன். சூளைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நிலத்தை உழுததில்லை.

ஏஜென்ட் ஒரு காயை ஒடித்துப் பார்த்தார். நல்ல காய்தான் என்றார். அக்காவின் காயும் நல்ல காய்தானாம், இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறாராம். யாரை ஏற்ற, யாரை விட என்று அவருக்கே தர்மசங்கடமாக இருக்கிறதாம். முகத்தையும் அதற்குத் தோதாக வைத்திருந்தார்.

பிறகு செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்.

“அக்கா தோட்டத்துல இந்த வாரம் மருந்து ஏதும் அடிச்சாங்களாம்மா?”

மருந்தடித்து நான்கு நாள் ஆகாத காயைக் கம்பெனி தொடாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அக்கா அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. இரண்டு வீட்டுக்கும் மருந்தடிக்கிற டேங்க் ஒன்றுதான். அது என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அவள் யாரோ இல்லை, கூடப்பிறந்தவள். அண்ணன் தம்பிக்கு அக்காளையும் தங்கையையும் கட்டிவைத்தார்கள். அம்மா போன பிறகு எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். போன வாரம் எங்கள் பாத்தி காய்ந்தபோது, கேட்காமலே தன் முறைத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். இந்த எட்டு மூட்டையில் பாதி அந்தத் தண்ணீரில் காய்த்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சாக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தைக்க மூட்டை எதுவும் மிச்சமில்லை.

“அடிச்சாங்க சார். முந்தாநேத்து.”

நாக்கு கூசவே இல்லை. எனக்கே என்னைக் கண்டால் பயமாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோலவும் இருந்தது, அதை மறைப்பானேன். நம் காய் போய்விடும், பானைகளை அவிழ்த்துவிடலாம் என்றுதான் மனசு ஓடியது. அக்காவுக்குப் பிறகு ஏதாவது செய்துகொள்ளலாம். என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

ஏஜென்ட் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

“அவங்களும் உங்களப் பத்தி இதையேதாம்மா சொன்னாங்க. அவங்களும் முந்தாநேத்துன்னுதான் சொன்னாங்க.”

இனி இரண்டு பக்கத்தையும் கழிவாகத்தான் எடுக்க முடியும், அதுவும் எங்கள் முகத்துக்காக என்றார். விலையைச் சொன்னார். பானைகளை அவிழ்க்கிற விலை இல்லை அது. வேன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இந்தக் கழிவெல்லாம் முதல் தரமாகிவிடும் என்பது எங்களுக்கும் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? என் காய் சுத்தம் என்று வாதாட வேண்டுமானால் அக்காவை எதிரே நிறுத்த வேண்டும். அவளும் என்னை எதிரே நிறுத்துவாள்.

தலையாட்டினேன்.

டிரைவர் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு மூட்டைகூட இல்லை.

வீட்டுக்காரரும் அக்கா வீட்டு மாமாவும் மேலே ஏறி நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுக்க முடியும். ஒரு முனையை நான் பிடித்தேன். அக்கா வரப்பைத் தாண்டி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

முதலில் எங்கள் எட்டு, பிறகு அவளுடைய எட்டு. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறும் ஏறிய பிறகும் வேனில் பாதி இடம் காலியாகக் கிடந்தது.