செடிக்கு ஒரு ஃபோன்

"ஸ்பீக்கரைப் போட்டு அதுக்குப் பக்கத்துல வை. நான் அதுகிட்ட பேசணும்" என்றாள் அராபா மேடம், கேப் கோஸ்ட்டிலிருந்து.

வேலைக்காரி டெலாலி ஃபோனைச் செடியருகே வைத்தாள். ஆனால் அது செடியே இல்லை. அன்னாசிப் பழத்தின் தலை.

"எப்படி இருக்கே? ஹார்மட்டான் காத்து ஒத்துக்குதா?" என்று ஃபோன் கொஞ்சியது. "வீம்பு பிடிக்காம குடுக்கிறதைக் குடி. ஒத்தையா விட்டுட்டுப் போயிட்டாளேன்னு வாடி நிக்காதே. வந்துடறேன்."

அன்னாசித் தலை வீம்பும் பிடிக்கவில்லை, வாடவும் இல்லை.

அசல் காற்றுச் செடி நான்கு நாள் முன்பே குப்பைக்குப் போயிருந்தது. மண்ணே வேண்டாத ஜாதி அது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்தினால் போதும் என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆனால் ஹார்மட்டான் காலம், அக்ரா முழுக்கப் பாலைவனத் தூசியோடு வறண்ட காற்று. டெலாலியின் உதடே வெடித்து ரத்தம் கசிந்தது. இதுவும் பாவம், குடிக்கட்டுமே என்று மூன்று நாள் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாள். தூக்கியபோது அடி கறுத்து, இலைகள் கொத்தாகக் கையோடு வந்தன.

வரும் ஈஸ்டரோடு அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். வேலை முடித்து ஊருக்கு அனுப்பும்போது தையல் மெஷின் வாங்கித் தருவதாகப் பேச்சு. அவளுக்கு முன்னால் இருந்தவள் ஒரு பூந்தொட்டியை உடைத்தாள். வெறுங்கையோடு ஊருக்கு பஸ் ஏறினாள்.

அதனால்தான் அன்னாசி. தலையைத் திருகி, அடியிலைகளைக் கழித்து, கிண்ணத்தில் உட்கார வைத்தாள். சாம்பல் நிறத்தை ஹார்மட்டான் தூசியே ஒரே நாளில் பூசிக் கொடுத்தது.

வீட்டில் இருந்த ஒரே சாட்சி மேடத்தின் புருஷன் குவான்சா ஐயா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி, அந்த இரைச்சலில் இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கால்பந்து வர்ணனையைத் தெருவே கேட்கும்படி ரேடியோவில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடப்பார்.

"டெலாலி, செடி குண்டாயிடுச்சே?" என்றார் முதல் நாளே.

"ஹார்மட்டான்ல உப்பும் ஐயா."

"மனுஷனுக்கு வெடிக்குது, செடிக்கு உப்புதா?"

"காத்துச் செடிதானே ஐயா. காத்தை நிறையக் குடிச்சிருக்கும்."

அவர் அன்னாசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சோளமாவுக் கென்கே உருண்டையைப் பிட்டு மீன் குழம்பில் தோய்த்தார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மேடத்திடம் போட்டுக் கொடுக்கவும் அவருக்கு வழியில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு அறுந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. மேடத்தின் மாமா செத்ததற்குக் ஊர் வழக்கப்படி குடும்பமே ஒரே துணியெடுத்துத் தைத்தது. இவர் மட்டும், போன சாவுக்குத் தைத்ததே புதுசாக இருக்கிறது, அடுத்த சாவு வரட்டும் என்றுவிட்டார்.

"இனிமே அந்த ஆளோட எனக்குப் பேச்சில்லை. சொல்லிடு" என்று அவர் முன்னாலேயே டெலாலியிடம் சொன்னாள் மேடம்.

"எனக்கும் காது கேக்கலைன்னு சொல்லிடு" என்றார் ஐயா.

மறுநாளே மேடம் கேப் கோஸ்ட்டிலுள்ள பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்டினாள். கிளம்பும்போது ஜன்னலோரம் இருந்த காற்றுச் செடியைக் கொண்டுவந்து, நாற்காலிக்கு வலது பக்கம் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"இங்க வெளிச்சமே இல்லையே மேடம்?"

"சொன்னதைச் செய்டீ. இங்கேர்ந்து ஒரு அடி நகரக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஃபோன். மணி அடித்ததும் ஐயா ரேடியோவை அணைத்துவிடுவார். தான் எங்கே உளறுவோம் என்று காத்திருக்கிறார் என்றே டெலாலி நினைத்தாள். செடியிடம் மேடம் குழைவதைக் கேட்டால் பயம் கூடும். பெற்ற பிள்ளையிடம்கூட இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அது அழுகிப்போனது தெரிந்தால் மெஷின் கிடைக்காது, உதைதான் கிடைக்கும்.

மூன்றாவது வாரம் முன்னறிவிப்பே இல்லாமல் டாக்ஸி வந்து நின்றது.

ஐயா குளியலறையில் இருந்தார். மேடம் பெட்டியைக்கூட வைக்காமல் நேராக ஸ்டூலுக்குப் போனாள். கிண்ணத்தைத் தூக்கினாள். மோந்து பார்த்தாள்.

"அன்னாசி" என்றாள்.

டெலாலி தடாலென்று முட்டி போட்டாள். "மன்னிச்சிடுங்க மேடம். செடி தண்ணியில கிடந்து அழுகிடுச்சு. பயந்துபோய் இதை வச்சுட்டேன். இத்தனை நாளா உங்களை ஒரு பழத்தோட மண்டைகிட்ட பேச விட்டுட்டேன். மெஷினை மட்டும் இல்லேன்னுடாதீங்க."

மேடம் குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே ஐயா மெல்ல ஏதோ பாடிக்கொண்டிருந்தார். திறந்திருந்த அறையின் கட்டிலில், அவர் மாட்டேன் என்ற அந்தக் குடும்பத் துணியிலேயே தைத்த புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"மெஷின் எங்கேயும் போகாது, எழுந்திரு" என்று குரலைத் தாழ்த்தினாள் மேடம். "அன்னாசியோ பூசணியோ, அவரோட கேக்குற காதுப் பக்கம்தானே வச்சிருந்தே?"