போர்ட் 8080

வாடிக்கையாளரும் என் மேனேஜரும் வீடியோ அழைப்பில் காத்திருந்தார்கள். டெமோ காட்ட வேண்டிய என் சர்வர் கிளம்பவில்லை. கணினியில் அதற்கான வாசலான 8080 போர்ட்டில் வேறேதோ புரோகிராம் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. கணினி அந்தப் புரோகிராமுக்குக் கொடுத்திருந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதை நிறுத்தினேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை, “அக்கா, மழை வரும்போல இருக்கு, மாடியில துணி...” என்று பாதியில் நின்றாள். குழாய்ச் சத்தமும் நின்றது.

“என்னடி?” என்று கேட்டுவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.

சற்று நேரத்தில் அந்தப் புரோகிராம் வேறு எண்ணோடு திரும்பி வந்து, அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. குழாய் கொட்டத் தொடங்கியது.

“அக்கா, மழை வரும்போல இருக்கு” என்று தங்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டே மறுபடி நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கையில் தட்டோடு அப்படியே நின்றிருந்தாள். குழாய்த் தண்ணீர் கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது.

ஓடிவந்து உட்கார்ந்தேன். அதற்குள் புரோகிராம் திரும்பியிருந்தது.

“திரும்பத் திரும்ப வருதாம்மா?” என்றார் மேனேஜர். அவர் தம் இடத்திலிருந்தே என் கணினியை இயக்க, திரையில் அம்புக்குறி நகர்ந்தது. “விடுங்க, வேரோட பிடுங்கிடறேன்.”

“வேணாம் சார்!”

“அக்கா, மழை வரும்போல இருக்கு, மாடியில...”

“முடிஞ்சது. இனிமே ஜென்மத்துக்கும் வராது.”

என் சர்வர் கிளம்பியது. குழாய்ச் சத்தம் நின்றது.

“ம், பேசுங்க” என்றார் மேனேஜர்.

பேசினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் துணி நனைந்துகொண்டிருந்தது.