மூன்றாவது கைப்பிடி

மெக்கானிக் கடை வாசலில் கார் நின்றும் மனைவி இறங்கவில்லை. கணவர் சுற்றி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். உடைந்த உள்கைப்பிடி அவள் மடியில் கிடந்தது.

"ஐம்பது வருஷத்து வண்டி. ஒரே மாசத்துல ரெண்டாவது கைப்பிடி! இவ கை பட்டா இரும்பும் தாங்காது," என்று மெக்கானிக்கிடம் அலுத்துக்கொண்டார்.

மெக்கானிக் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"பூட்டியிருந்த கதவைப் போட்டு இழுத்திருக்கீங்கம்மா. ஓடுற வண்டியில அதை எதுக்கு இழுக்கணும்?"

அவள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடையில் இருந்த கடைசிக் கைப்பிடியை மாட்டிவிட்டு, "இனிமேலாவது மெதுவாப் பிடிங்கம்மா," என்றார் மெக்கானிக்.

"ஏறுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம்," என்றார் கணவர். மெக்கானிக் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் கார், அவள் காத்து நின்ற கடை வாசலுக்குத் திரும்பியது.

"ரெண்டு பஸ்ஸை ஒரே மூச்சுல முந்திட்டேன்! எதிர்ல வந்த லாரிக்காரன்தான் மிரண்டுட்டான்," என்று சிரித்தபடி கணவர் இறங்கினார்.

மெக்கானிக் இறங்கவில்லை.

அவள்தான் போய் வெளியிலிருந்து கதவைத் திறந்தாள். இறுக மூடியிருந்த அவர் விரல்களுக்குள் முறிந்த கைப்பிடி.

"மெதுவாத்தானே பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.