கை படாமல் பாடும் பெட்டி

“எழுநூத்தி இருபது வெள்ளி. அதக் குடுத்துட்டு அப்புறம் சோத்துல கைய வை.”

இருசப்பன் சொன்னதும் சேது தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, அப்பாவிடமே கடன் வாங்கி, நாலு மாதமாக ஒரு பலகைப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறான் பையன். உறுமி வாசிக்கும்போது அந்தப் பெட்டிக்கு மேல் கையைக் காட்டினால் போதுமாம். தொடாமலே சத்தம் நீளுமாம், நடுங்குமாம், கிணற்றுக்குள் விழுந்து எழுந்து வருமாம்.

“எல்லாம் ரெடிப்பா. சென்சார் ஒண்ணுதான் பாக்கி. கை கிட்ட வருதா, தூரப் போவுதான்னு அதுதான் பாத்துச் சொல்லணும். தொண்ணூறு வெள்ளிதான்லா. ராவாங் குமரவேல் அண்ணன் அவரு பேண்டுக்கு ஆயிரத்துக்கு எடுத்துக்கிறேன்னுட்டாரு. என்னையும் வாசிக்க வரச் சொல்லியிருக்காரு.”

“ஒரு காசு கெடயாது. செம்பனைக் கொல ஏத்தி எறக்கி எனக்கு இடுப்பு ஒடியுது. தொரைக்குக் காத்துல கைய ஆட்டணுமோ?”

மறு வாரமே பெட்டி பாடியது. இருசப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பணத்தை எடுத்துப் பார்த்தார். அப்படியே இருந்தது.

“சென்சாருக்குக் காசு ஏதுடா? யாரு டுயிட் குடுத்தா?”

“டுயிட்டெல்லாம் குடுக்கலப்பா. பழசு ஒண்ணு கெடச்சுது.”

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “என்னண்ணே, லோரிய எங்க வேலிய ஒட்டிக் கொண்டாந்து நிறுத்துறீங்க, ஒரு சத்தத்தயும் காணோம்? நல்லா ஓட்டப் பழகிட்டீங்களா?”

இருசப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். வலது கண்ணில் பூ விழுந்த பிறகு அவர் ஓட்டுவதை யாரும் மெச்சியதில்லை.

சனிக்கிழமை காலையில் சேது வாசலில் உட்கார்ந்து வாசித்தான். ஒரு கை உறுமியைத் தேய்த்தது, மறு கை பெட்டிக்கு மேல் மெல்ல எழுந்தது. சத்தம் செம்பனைத் தோப்புக்குள் போய்த் திரும்பி வந்து நெஞ்சில் இடித்தது. லயத்து வீடுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டு நின்றார்கள்.

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பாராட்ட வாய் வரவில்லை.

“ராவாங்குக்கு பஸ்ல தூக்கிட்டுப் போனா ஒடஞ்சிரும். லோரியில ஏறு.”

பையன் முகம் மலர்ந்தது. பெட்டியைப் பழைய சாரத் துணியில் சுற்றி லோரிக்குப் பின்னால் தரையில் வைத்தான். உறுமியை எடுக்க உள்ளே ஓடினான்.

அதற்குள் வண்டியைத் திருப்பி வைப்போமே என்று இருசப்பன் ரிவர்ஸ் போட்டார். போன வருஷம் கோயில் தூணை இடித்ததிலிருந்து, பின்னால் எது இருந்தாலும் பீப் பீப் என்று கத்துகிற ஒன்றைச் சொந்தக் காசில் மாட்டியிருந்தார். கண் சொல்லாததைக் காது சொல்லிவிடும். காதைத் தீட்டிக்கொண்டார். சத்தம் இல்லை. தைரியமாக மிதித்தார்.

பலகை முறிந்தது.

சேது உறுமியோடு வாசலிலேயே நின்றுவிட்டான். இருசப்பன் இறங்கி வந்து பார்த்தார்.

“அந்த எழுநூத்தி இருபத மறந்துடுடா. நீ ஒண்ணும் தர வேணாம்.”

பையன் உறுமியை வாசலில் வைத்துவிட்டு லோரிப் பக்கம் வந்தான். அவர் கோபம் லோரி மேல் திரும்பியது. அதன் பின்பக்கத்தை ஓங்கி ஓர் உதை விட்டார்.

“நூத்தம்பது வெள்ளி குடுத்து மாட்டினேனே, இந்தச் சனியன் ஏன்டா கத்தல?”

சேது சக்கரத்தடியில் குனிந்து, நசுங்கிய பலகையை விலக்கினான்.

“பெட்டிக்குள்ள இருக்குப்பா.”