இயந்திரத்தின் நெற்றி

சுதந்திர நாட்டில் புதிதாக எழுந்த சைக்கிள் தொழிற்சாலையில் அன்றுதான் முதல் ஆயுதபூஜை. கப்பலில் வந்த, தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரம் நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததால், பொட்டை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் அதில் நடந்த விபத்துக்குப் பிறகு, பொட்டு வைக்காமல் அதைத் தொடமாட்டோம் என்று தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

"சக்கரம் இருக்கிற பக்கந்தான் மொகம்," என்றார் போர்மேன் வரதராஜுலு.

"அப்ப இத்தன நாளா நமக்கு முதுகக் காட்டிக்கிட்டா வேல செஞ்சுது?" என்றான் ஒரு ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற மாசிலாமணியைப் போர்மேன் கூப்பிட்டார். அந்த விபத்தில் மோதிர விரலை இழந்தவன் அவன். மறுபடி வேலை கேட்டு வந்திருந்தான்.

"நீயே வையி. நாளைக்கே உன்னச் சேத்துக்கிறேன்."

"நெத்தி எதுன்னு எனக்குந் தெரியாதுண்ணே. வாய் எதுன்னு தெரியும்."

அவன் சந்தனக் கிண்ணத்தோடு இயந்திரத்தைச் சுற்றிவந்து, கட்டைவிரலில் சந்தனத்தைத் தொட்டுக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான்.

"கரண்ட நிறுத்திட்டீங்கல்ல?"

போர்மேன் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் தன் பின்னால் நின்றவனைப் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள், நிறுத்தியது யாரென்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கை அந்தரத்திலேயே இருந்தது.